எடுக்கக் கூடாத அழைப்பு

அக்காவுக்கும் எனக்கும் இடையே ஆறு வருஷம் நடந்த சம்பாஷணையில் அநேகமாக வார்த்தைகளே கிடையாது. ராத்திரி எட்டரைக்கு என் மொபைல் ஒரு தரம் மணி அடித்து நிற்கும். நான் எடுக்க மாட்டேன். எடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அக்கா சாப்பிட்டாகிவிட்டது, கதவைச் சாத்தியாகிவிட்டது, உடம்புக்கு ஒன்றுமில்லை - இவ்வளவும் அந்த ஒரு மணிக்குள் அடக்கம். விட்டு விட்டு இரண்டு தரம் அடித்தால் நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். இரண்டு தரம் அடித்த ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதை எழுத உட்கார்ந்தால் 1975லிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த வருஷம் ஒரு கிழவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அக்காதான் பதில் சொன்னாள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தக் கிழவரை அக்காவுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு வயது 22. ரேடியோ எஞ்சினியரிங்கில் டிப்ளமா வாங்கிவிட்டுச் சும்மா இருந்தவனுக்கு ராய்ச்சூரில் ஒரு வருஷத் தாற்காலிக வேலை கிடைத்தது. ஜீப்பில் ஊர் ஊராகப் போய் டெலிவிஷன் பெட்டிகளை ரிப்பேர் செய்யும் கோஷ்டியில் ஒருவன். அமெரிக்கா 1974 மே மாதம் ஏவிய ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு நமக்கு இரவல் தந்திருந்தார்கள். ஆந்திரம், கர்நாடகம், பீகார், ஒரிஸ்ஸா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு அது நேராகப் படம் காட்டும். ‘ஸைட்’ என்று அந்தப் பரிசோதனைக்குப் பெயர். 1975 ஆகஸ்ட் 1ந் தேதி ஆரம்பம். எமர்ஜென்ஸி பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஊரில் நண்பர்கள் நடத்திக்கொண்டிருந்த, முந்நூறு பிரதி விற்றால் திருவிழா என்று நினைக்கும் பத்திரிகைக்காரர்கள் கூட அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தரம் யோசித்துக்கொண்டிருந்த நாட்கள். அதே நாட்களில் நான் ராஜ்யத்தின் குரலைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்கும் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அன்று இது உறைக்கவில்லை. எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

அந்த ஆன்டெனாவை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. பத்தடி விட்டத்தில் ஒரு கிண்ணம். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலைதான் அதன் உடம்பு. பள்ளிக்கூடத்துக் கூரையிலோ முற்றத்திலோ அது மேற்கே, கொஞ்சம் தெற்காகச் சாய்ந்து அண்ணாந்து கிடக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிப் பக்கம் உச்சியில், செயற்கைக்கோள் அசையாமல் நிற்பதாகக் கணக்கு. இப்படி நிற்க வைக்கலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதியவர் ஆர்தர் கிளார்க். அவர் அப்போது கொழும்பில் குடியிருந்தார். அவர் வீட்டிலும் நம்மவர்கள் ஒரு ஆன்டெனா வைத்துக்கொடுத்தார்கள். தான் எழுதியதைத் தன் வீட்டுக் கூடத்திலேயே பார்க்கக் கொடுத்துவைத்த எழுத்தாளர்கள் அபூர்வம். நம் பக்கத்தில் எழுதியதை அச்சில் பார்ப்பதே பெரும்பாடு.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரம். உழவு, சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, நடுவில் கொஞ்சம் பாட்டும் கூத்தும். தில்லியிலிருந்து அரை மணி நேரம் எல்லாருக்கும் பொதுவாக இந்தி. ராய்ச்சூர் நிஜாம் ஆண்ட சீமை. உருது கலந்த பேச்சு அங்கே புதிதல்ல. ஆனால் தில்லிப் பெட்டி பேசிய இந்தி அந்தச் சீமையில் யாரும் யாரிடமும் பேசாத இந்தி. ஜனங்கள் பார்த்தார்கள். முதல் மாதங்களில் நூற்றுக்கணக்கில் வந்து மண்ணில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் குறைந்தது. பெட்டியில் தோன்றியவர் கும்பிட்டபோது ஒரு பாட்டி எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டதை நான் பார்த்தேன். இளவட்டங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிழவர் விஷயம் இதுதான். அன்று ஏதோ விதை நேர்த்தி பற்றி நிகழ்ச்சி. முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து மூடுகிறவன் என்பதால் உள்ளே பேசுகிறவர்களோடு எனக்குப் பழக்கம் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த மருந்து எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவனிடம் கேளேன் என்றார். கேட்க முடியாது, நாம் பேசினால் அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரிந்த அரைக் கன்னடத்தில் சொன்னேன். அவர் கம்பிவலைக் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இவ்வளவு பெரிய காது வைத்திருக்கிறீர்களே,” என்றார், “அது எங்களுக்குத்தானா? அவனுக்கு இல்லையா?”

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஜீப்பில் ஏறிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பரிசோதனையை நடத்தியவர்கள் முட்டாள்கள் இல்லை. கிராமங்களில் மானிடவியல் படித்தவர்களைத் தங்கவைத்து, பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று குறிப்பெடுக்கச் சொன்னார்கள். ஆனால் குறிப்பு வேறு, பதில் வேறு. கிழவருக்கு வேண்டியிருந்தது தன்னைப் பற்றிய அறிக்கை அல்ல. மருந்துக் கடையின் பெயர்.

1976 ஜூலை 31ந் தேதி இரவல் முடிந்தது. செயற்கைக்கோளை அமெரிக்கா தன் பக்கம் நகர்த்திக்கொண்டது. சில வட்டாரங்களுக்குப் பின்னால் தரைவழி ஒளிபரப்பு நிலையங்கள் வந்தன. மற்ற இடங்களில் பெட்டி வெறும் பெட்டி. நான் கடைசியாகப் பார்த்த ஊரில் கம்பிவலையைக் கழற்றி யாரோ முருங்கைக்கன்றுக்கு வேலி கட்டியிருந்தார்கள்.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் உத்தியோகம், கல்யாணம், குழந்தைகள். ஊரிலிருந்து தந்தி வந்தால் சாவு என்று பிரிக்காமலே தெரியும். அப்பாவுக்கு அப்படித்தான் தெரிந்தது. எண்பதுகளில் நாட்டில் நூறு பேருக்கு ஒரு டெலிபோன் கூட இல்லை. 1984ல் ஸி-டாட் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, கிராமத்துப் புழுதியிலும் வெக்கையிலும் குளிர்சாதனம் இல்லாமல் ஓடக்கூடிய 128 இணைப்புக் குட்டி எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். செயற்கைக்கோள் மாதிரி இதைப் பற்றி யாரும் பரவசப்பட்டு எழுதவில்லை. ஆனால் மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்ததில் இந்த வகை எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பங்கு உண்டு. ராத்திரி கால் கட்டண நேரத்துக்காகக் காத்திருந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களுக்குத் தெரியும், அந்த எண்கள் வாக்கியத்தை எப்படி வெட்டும் என்று. அக்காவும் நானும் பூத்தில் பேசியதெல்லாம் வினைச்சொல் இல்லாத பேச்சு. “மழை?” “இல்ல.” “காலு வலி?” “அப்படியேதான்.”

1995 ஜூலை 31ந் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு தில்லியில் சுக்ராமைக் கூப்பிட்டார்; நாட்டின் முதல் மொபைல் பேச்சு என்று அதைச் சொல்கிறார்கள். நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல். வருகிற அழைப்புக்கும் காசு. 2003ல் வருகிற அழைப்பு இனாம் ஆயிற்று. மிஸ்டு கால் ஜாதிவழக்கமாக ஆனது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். 2006ல் நான் அக்காவுக்கு டார்ச் வைத்த ஒரு நோக்கியா போனும் ‘லைஃப்டைம்’ என்று விற்ற ஒரு கார்டும் வாங்கிக்கொடுத்தேன். டார்ச்சை அவள் உடனே புரிந்துகொண்டாள். மணி ஏற்பாடும் அவள் யோசனைதான். “எதுக்குத் துட்டு? நீ எடுக்காத. நான் இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும்லா?”

மிஸ்டு காலின் உள்கட்டுமானம் என்னைப் போன்ற ரிப்பேர்க்காரனுக்குச் சுவாரஸ்யமானது. அவள் பொத்தானை அழுத்தியதும் ஊர்க்கோடியில் இருக்கும் கோபுரம் மையத்துக்குச் சொல்கிறது. நான் கடைசியாக எந்த வட்டாரத்தில் பதிவானேனோ அந்த வட்டாரத்துக் கோபுரங்கள் எல்லாவற்றுக்கும் சேதி போகிறது. அத்தனையும் ஏக காலத்தில் என் போனின் பெயரைச் சொல்லிக் கூவுகின்றன. ஆயிரக்கணக்கான போன்கள் அதைக் கேட்டும் சும்மா இருக்க, என்னுடையது மட்டும் ‘இருக்கிறேன்’ என்கிறது. மணி அடிப்பது அதற்கப்புறம். நான் எடுத்தால், எடுத்துவிட்டான் என்ற சமிக்ஞை திரும்பிப் போகும். கணக்குப் புத்தகம் அந்த நொடியில்தான் திறக்கிறது. அதற்கு முன் நடந்த தேடல் முழுவதும் இனாம். கோடிக்கணக்கில் முதல் போட்டுக் கட்டிய இயந்திரத்தின் வாசற்படியில் நின்று, உள்ளே நுழையாமல், வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போகும் தந்திரத்தை எந்த நிபுணரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் ஊரில் மட்டும் என்றில்லை. அன்று ராய்ச்சூரின் கம்பிவலைக் கிண்ணங்கள் குறிவைத்த வானத்துக்குக் கீழே, அதே கிழக்கு ஆப்பிரிக்கப் பிரதேசத்தில், ருவாண்டாவில் இதற்கு ‘பீப்’ என்று பெயர். நைஜீரியாவில் ‘ஃப்ளாஷ்’. ஜோனதன் டோனர் என்ற ஆய்வாளர் ருவாண்டாவில் இதற்கு இருக்கும் விதிகளைத் தொகுத்து 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வசதியுள்ளவன் வசதியற்றவனை ‘பீப்’ செய்வது மரியாதை இல்லை. ஒரு பெண்ணின் மனதைக் கவர நினைக்கிறவன் அவளுக்கு ‘பீப்’ கொடுத்தால் காரியம் கெட்டது. ‘திருப்பிக் கூப்பிடு’ என்பது ஒரு வகை. முன்கூட்டியே பேசிவைத்த சங்கேதம் ஒரு வகை. ‘உன்னை நினைத்துக்கொண்டேன்’ என்பது இன்னொரு வகை. தென்னாப்பிரிக்காவில், காசில்லாத காதலி தன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்ற கவலையில் என்கோசானா மகாடே என்ற பயிற்சிக் கணக்காளர் 2000ல் தன் நிறுவனமான வோடகாமுக்கு ஒரு யோசனை சொன்னார். ‘தயவுசெய்து என்னைக் கூப்பிடு’ என்ற இலவசச் சேதி 2001ல் வந்தது. அதற்கான பணத்தைக் கேட்டு அவர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்; நிறுவனம் அவரோடு நேர்மையாகப் பேசித் தொகையைத் தீர்க்க வேண்டும் என்று 2016ல் தீர்ப்பு வந்தது. இங்கே பெங்களூரிலேயே 2010ல் மிஸ்டு காலை வியாபாரமாக்கி ஸிப்டயல் என்ற கம்பெனி தொடங்கியது. 2015ல் ட்விட்டர் அதை வாங்கிக்கொண்டது. வாசற்படியிலும் கல்லாப்பெட்டி வைத்தாயிற்று.

பொருளாதாரக்காரர்கள் இவை பற்றி எழுதுவதை நான் மதிக்கிறேன். வட கேரளக் கடற்கரையில் 1997க்கும் 2001க்கும் இடையில் மொபைல் கோபுரங்கள் வந்தபோது மத்தி மீனின் விலை ஊருக்கு ஊர் தாறுமாறாக இருந்தது நேராயிற்று, வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றது என்று ராபர்ட் ஜென்ஸன் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கடலிலிருந்தே எந்தத் துறையில் வியாபாரி நிற்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. ராய்ச்சூர்க் கிழவர் கேட்டதும் இதே ரகக் கேள்விதான். அதற்குப் பதில் வானத்திலிருந்து வரவில்லை. கைக்குள் அடங்கும் ஒரு சாதனம், இருபது சொச்சம் கிலோமீட்டர் எட்டுகிற ஒரு கோபுரம், மறுமுனையில் எடுத்துப் பேச ஒரு ஆள். இவ்வளவு போதுமாயிருந்தது.

ஆனால் இந்தக் கணக்குகளில் அக்காவை எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏழை காசை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த உபாயம் என்று மிஸ்டு காலைச் சொல்லிவிடுவது எளிது. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அவள் சிக்கனக்காரி; ஒரு தீக்குச்சியில் அடுப்பையும் விளக்கையும் ஏற்றுகிறவள்.

எழுபதுகளில் நம் சிறுபத்திரிகைகளில் ‘மௌனம்’ என்ற சொல் பட்ட பாடு வாசகர்களுக்கு நினைவிருக்கும். மௌனம் என்று எழுதிவிட்டு இரண்டு வரி இடம் விட்டால் கவிதை ஆகிவிட்டதாக நம்பினோம். நானும் எழுதியிருக்கிறேன், நல்லவேளையாக யாரிடமும் பிரதி இல்லை. அந்த மௌனங்களில் முக்கால்வாசி சொல்ல விஷயம் இல்லாததால் வந்தவை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசி, இன்ன இடத்தில் பேசாவிட்டால் இன்ன அர்த்தம் என்று ஒப்புக்கொண்டாலொழிய மௌனத்துக்கு அர்த்தம் கிடையாது என்பதை அக்காவின் எட்டரை மணி எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுத்தது. ஒரு நாள் மணி வரவில்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. கரண்ட் இல்லை, சார்ஜ் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். டெலிவிஷன் காலத்தில் எங்கள் பெட்டி ஒரு நாள் வேலை செய்யாவிட்டால் தில்லியில் யாருக்கும் தூக்கம் கெட்டிருக்காது.

2010ல் ஒரு ராத்திரி. எட்டரைக்கு மணி அடித்தது. நிற்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, இதோ நிற்கும் இதோ நிற்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எடுத்திருக்கலாம். எடுக்காதது பிடிவாதத்தால் இல்லை. நாலு வருஷப் பழக்கத்தில் அந்த மணியை எடுப்பது என்ற காரியமே என் கைக்கு மறந்துபோயிருந்தது. முழுக்க அடித்து, தானாகவே ஓய்ந்தது. எங்கள் ஏற்பாட்டில் இதற்கு அர்த்தம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. உடனே திருப்பிக் கூப்பிட்டேன். அணைத்துவைக்கப்பட்டிருப்பதாக இயந்திரக் குரல் சொன்னது. அவள் தூங்கும் முன் அணைத்துவிடுவாள்.

காலையில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஒண்ணுமில்ல தம்பி.”

“கை தவறிப்போச்சா?”

“கை என்ன தவற? நீ எடுக்க மாட்டேன்னு தெரியும்லா. சும்மா கொஞ்ச நேரம் அடிக்கட்டுமேன்னு விட்டேன்.”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அன்று ஆபீஸில் வேலை இருந்தது. உடனே ஊருக்குப் போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை. மறுநாளிலிருந்து பழையபடி ஒரு மணி.

2012 ஐப்பசியில் அக்கா போய்விட்டாள். சேதி மொபைலில்தான் வந்தது. அவள் மகன் பேசினான். அடுத்த வருஷம் ஜூலையில் தந்தி சேவையையே நிறுத்திவிட்டார்கள். 2016ல் ஜியோ வந்து பேச்சு இனாமான பிறகு மிஸ்டு காலுக்கு அவசியமில்லாமல் போயிற்று. என் பேரன் வீடியோவில் கூப்பிட்டு, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று தட்டைக் காட்டச் சொல்கிறான். காட்டுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் மருமகன் திண்ணையில் உட்கார்ந்து அக்காவின் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பொத்தான்களில் எண்கள் தேய்ந்திருந்தன; இரண்டாம் எண் மட்டும் அறவே இல்லை, அதில்தான் என் நம்பரை அவளுக்கு ஒரே அழுத்தலாக வைத்துக்கொடுத்திருந்தேன். நானும் மாதாமாதம் பெங்களூரிலிருந்து பத்தும் இருபதுமாக அந்த நம்பருக்குக் காசு ஏற்றிவந்தவன். செலவாகிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 2006லேயே ‘ஒன் இந்தியா’ என்று நாட்டின் எந்த மூலைக்கும் நிமிஷம் ஒரு ரூபாய் ஆகியிருந்தது.

அவன் ஏதோ எண்களை அழுத்தி, திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினான்.

“மாமா, இதுல ஆயிரத்து நானூறு சொச்சம் பாலன்ஸ் கெடக்கு,” என்றான். “அம்மா இதுல யார்ட்டயுமே பேசலியா?”